பால்வாடி அறையின் சாவி

அந்து,

திறப்புவிழா அன்றைக்கு பால்வாடியின் அந்தப் புது அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். வரவு செலவு எழுதிப் பழகிய கை, ஆள் கணக்கு சரியாக விழாவிட்டால் மேற்கொண்டு ஓடாது. உங்கள் கம்பெனியின் பெரிய அதிகாரி, அவர் வீட்டம்மா. இலாகாவிலிருந்து வந்த ஒரு மேடம். நம் பங்குச் சாமியார், அவர் பக்கத்தில் அம்மன் கோயில் பூசாரி, பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர். ரிப்பன் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி சேலையில் நின்ற உங்கள் ஆபீஸ் பெண்கள் இரண்டு பேர். போட்டோ எடுத்தவர், வீடியோ எடுத்தவர். உங்கள் காரியங்களை இங்கே நம் உப்பளம் வட்டாரத்தில் பார்த்துக்கொள்கிற பிரவீன், அவன் மகன். நீ, உன் பெண்சாதி ரெஜினா, என் பேத்தி இவா. டீச்சர் குமுதா. கடைசியாக, கதவோரத்தில் நான்.

பால்வாடிப் பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை. அதுகள் பதினெட்டும் வெளியே வராண்டாவில், கயிறு கட்டி அதற்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டிருந்தன. தலையில் எண்ணெய் வைத்து, இருப்பதிலேயே நல்ல சட்டையாகப் போட்டு, காலையிலேயே கொண்டுவந்து விட்டிருந்தார்கள் அதுகளின் அம்மாக்கள். உள்ளே குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தது இவாவும் பிரவீன் மகனும். அந்த நாற்காலியில் அவர்களுக்கு முன் எவரும் உட்கார்ந்ததில்லை. அவர்களுக்குப் பிறகும் இந்தத் தேதிவரை எவரும் உட்காரவில்லை.

நீ போனில் கேட்டாய். “ரெண்டு நிமிஷம் வீடியோவுல பேசினா போதும்மா. பால்வாடி முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு. பிரவீன் வந்து எடுத்துக்குவான். நீ பேசுனா அதுல ஒரு ஃபீல் இருக்கும்.” விருதுக்கு அனுப்பப் போகிறீர்கள், விருது வந்தால் நோணாங்குப்பத்திலும் காலாப்பட்டிலும் இதே மாதிரி அறைகள் கட்டப் போகிறீர்கள் என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்துவிட்டேன். பேச மாட்டேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. டீச்சருக்கும் நம் தெருச் செல்விக்கும் படித்துக்காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். நீயும் ரெஜினாவுக்குப் படித்துக்காட்டு. உன் பெரிய அதிகாரிக்கும் காட்டலாம், தமிழ் தெரிந்தவர்தான். நான் அஞ்சாவதோடு நின்றவள். ஜெபப் புத்தகத்தையும் கோயில் ஞாயிற்றுத் தாளையும் வைத்து நானாகப் படித்துக்கொண்டது. ஏதாவது பிழை இருந்தால் எழுத்தில்தான் இருக்கும், விஷயத்தில் இருக்காது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அன்றைக்கு நானும்தான் கை தட்டினேன். பெற்ற பிள்ளை மைக்கைப் பிடித்துப் பேசும்போது எந்த அம்மாவுக்கும் கை தானாக எழும். ஆனால் கேக் வெட்டியபோது தட்டிய கை நின்றுவிட்டது. பால்வாடிக் கட்டடம் மாதிரியே செய்த கேக். பச்சைக் கூரை, மஞ்சள் சுவர், சின்னதாக ஒரு கதவு. உன் அதிகாரி கூரையை வெட்டினார், அவர் வீட்டம்மா வாயில் ஊட்டினார், எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசிவரை ஒரு துண்டு வெளியே போகவில்லை. அதுகளுக்குத் தனியாக பிஸ்கட் பொட்டலம் உண்டாம், போட்டோ எடுத்து முடித்த பிறகாம். தின்று முடித்த காகிதத் தட்டுகளைக் குழாயடியில் குவித்தார்கள். ஈ மொய்த்தது. செல்வியின் மகள் தர்ஷினி, மூன்று வயசு, கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய் ஒரு தட்டை எடுத்தாள். ஒட்டியிருந்த பச்சைக் கிரீமை நக்கினாள்.

“சீ! போடு கீழே!” என்றான் பிரவீன்.

குழந்தை தட்டைப் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. அந்தச் சீயை அவன் யாரைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் இவா உன் பிடியை விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து, தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு, “வா, உள்ள டாய்ஸ் இருக்கு” என்று இழுத்தாள். ரெஜினா பின்னாலேயே வந்தாள். இவாவின் கையைப் பிரித்து, பையிலிருந்து அந்த ஸ்பிரிட் வாசனை மருந்தை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தாள். செல்வி பக்கத்தில்தான் நின்றாள். தலையைக் குனிந்து மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அதில் ஏதாவது இருக்கிறதா என்று. நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிரவீன் யாரோ எவனோ. நீ நான் பெற்றவன்.

மேடையில் நீ சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்வேன். “நானும் இந்தப் பால்வாடியிலதான் படிச்சேன். மூணு வயசு வரைக்கும் எனக்குப் பேச்சு வரலை. இந்த இடம்தான் எனக்குக் குரல் குடுத்துச்சு.” இலாகா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கதை என்னிடம் கேட்டு நீ எடுத்துக்கொண்ட கதை. ஆனால் பாதியைத்தான் சொன்னாய். மீதியை நான் எழுதுகிறேன், மறந்திருப்பாய்.

உன் அப்பாவுக்கு மில்லில் வேலை விட்டு விட்டு வந்த காலம் அது. நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். நீ மிஷின் காலடியில் உட்கார்ந்து துணித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாய், வாயே திறக்க மாட்டாய். பக்கத்து வீட்டில் ஊமை என்றே பேர் வைத்துவிட்டார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டேன். அப்புறம்தான் உன்னைப் பால்வாடியில் விட்டேன். அப்போது அது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. மழைக்கு ஒரு மூலை ஒழுகும், வெயிலுக்கு மொத்தமும் காயும். ஒரு கூடை நிறைய பொம்மை கிடக்கும், எதுவும் முழுசாக இருக்காது. சிவப்பு ரப்பர் யானை ஒன்று, காது இரண்டும் இல்லை. ஒரு காதைக் கடித்துத் தின்றது யாரோ. இன்னொன்றைத் தின்றது நீ.

ஒரு நாள் மத்தியானம் அங்கே அப்போது சமைத்துக்கொண்டிருந்த ஆயா, கையில் கரியோடு, தெருவே பார்க்க ஓடி வந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது, பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறாள்: “எம்மா, உம் புள்ள சண்ட போடுதும்மா! வந்து பாரு, வாயத் தொறந்துட்டான்!” நான் ஊசியோடு ஓடினேன். நீ அந்த யானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உன்னைவிடப் பெரிய ஒரு பையனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாய். “என்து! குடுக்க மாட்டேன்! போடா!” அதுதான் நீ பேசிய முதல் பேச்சு. அம்மா இல்லை, அப்பா இல்லை. போடா. அப்போதிருந்த டீச்சர் உன்னை அடக்கவில்லை, இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்று விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினேன்.

இந்தப் பாதியை ஏன் மேடையில் சொல்லவில்லை? சொன்னால் யாராவது, அந்தப் பொம்மைகள் எங்கே, இப்போதிருக்கிற பிள்ளைகள் எதை வைத்துச் சண்டை போடும் என்று கேட்டுவிடுவார்களோ? பழைய கூடையைத் திறப்புவிழாவுக்கு முதல் நாளே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். பழசு எதுவும் கேமராவில் தெரியக் கூடாதாம். புதுப் பொம்மைகள் சுவரில், என் உயரத்துக்கும் மேலே, பலகையில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரக்கட்டை, ரயில், பொம்மை வீடு. யானையும் உண்டு, இரண்டு காதோடு.

விழா முடிந்த மறுநாள் அறையைப் பூட்டினார்கள். சாவி பிரவீனிடம். காலாப்பட்டுப் பக்கம் தூரத்தில் இருக்கிறது அவன் வீடு. யாராவது பார்வையிட வந்தால் சாவியை எடுத்துக்கொண்டு வருவான். பிள்ளைகளுக்கு வராண்டா. காலையில் பாட்டு, கதை, சாப்பாடு எல்லாம் அங்கேயே நடக்கிறது. அதோடு முடிந்தது. முன்பெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு, இதே இடத்தில் இருந்த பழைய அறைக்குள் பாய் விரித்துத் தூங்க வைத்து, மூன்றரைக்கு எழுப்பி அனுப்புவார்கள். இப்போது மத்தியான வெயில் வராண்டாவில் முழுசாக விழுகிறது, படுக்க முடியாது. அதனால் சாப்பாடு ஆனதும் அனுப்பிவிடுகிறார்கள். டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பயம் அவருக்கு. “உள்ள ஏதாவது ஒடைஞ்சா யாரும்மா பதில் சொல்றது? எங்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க” என்றார்.

செல்வியை உனக்கு அறிமுகம் செய்ய வேண்டும். நம் தெருக் கடைசி வீடு. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் நடத்துகிற கெஸ்ட் ஹவுஸில் அறை சுத்தம் செய்கிறாள், காலை முதல் மூன்று மணிவரை. மூன்று மணிவரை நிற்க முடிந்தால்தான் வேலை. மத்தியானம் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள் என்றானதும், பாதியில் ஓடி வருவாள், தர்ஷினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடுவாள், அங்கே படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டுப் படுக்கை விரிப்பு மாற்றுவாள். தங்க வந்த யாரோ குழந்தை அழுவதாகப் புகார் செய்துவிட்டார்கள். இனிமேல் பிள்ளையோடு வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மதாம் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தாள். வேலையைப் பற்றி அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. “அக்கா, உங்க சாமியாரு அந்த ரூம்ல தீர்த்தம் தெளிச்சாரு. எங்க பூசாரியும் சூடம் காட்டுனாரு. இப்ப புள்ளைங்கள உள்ள உட்டு, அதுங்க ஒண்ணுக்குப் போயிடுச்சின்னா பாவந்தானே? அதனாலதான் பூட்டிட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. டீச்சரும் சாமி ரூம் மாதிரி வெச்சிக்கணும்னு சொல்லுச்சி. தர்ஷினிகிட்ட நானே சொல்லிட்டேன், அந்தக் கதவத் தொட்டா சாமி கண்ணக் குத்தும்னு.”

கேட்டுக்கொள், அந்து. நீ மூன்று சாமிகளை வரவழைத்தது உள்ளே வரும் பிள்ளைகளை ஆசீர்வதிக்க என்று நினைத்தேன். பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டாக வந்து நிற்கிறது அது. ஏழை ஜனம், யாரும் நேராகச் சொல்லாமலே, இவ்வளவு அழகான அறை நம் பிள்ளைக்காக இருக்காது, சாமிக்காகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் சாமியார் பாலன் இயேசு சுரூபத்தை ஏந்திக்கொண்டு நிற்பாரே, மூக்கு ஒழுகுகிற பிள்ளையிலிருந்து பல் போன கிழவர்வரை வரிசையில் போய் காலில் முத்தம் வைத்து முத்தி செய்வோமே, நினைவிருக்கிறதா? நீ ஒரு வருஷம் பாலன் காலில் எச்சில் வைத்துவிட்டாய். சாமியார் துணியால் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் நீட்டினார், அவ்வளவுதான். ஆண்டவர் தன்னையே பிள்ளைகளின் எச்சிலுக்குக் கொடுக்கிறார். உங்கள் கம்பெனிக்கு ஒரு பிளாஸ்டிக் ரயிலைக் கொடுக்க முடியவில்லை. செல்வியிடம், “புள்ளைங்க வர்ற எடம்னுதான் தீர்த்தம் தெளிச்சாங்க. பாவம் பூட்டுனவங்களுக்கு” என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்து நானே பால்வாடிக்குப் போனேன். பிரவீன் வந்து அறையைத் திறந்தான், ஏதோ வாசனையை அடித்தான். பிள்ளைகளைக் கால் கழுவ வைத்து உள்ளே விட்டான். குட்டி நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அதுகளைத் தரையில் உட்காரச் சொன்னான். டிவி ஓடியது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தன. ஒரு பையன் பலகையைப் பார்த்துக் கை நீட்டினான், உடனே தானே மடக்கிக்கொண்டான். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கார் தெரு திரும்புவதற்குள் பிள்ளைகள் வராண்டாவில். பூட்டு.

“தம்பி, சாவிய டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போயேன்” என்றேன்.

“குடுத்தா அவ்ளோதான் ஆன்ட்டி. ஒரே வாரத்துல சுவத்துல கிறுக்கி, டிவியத் தட்டி, தரையில விரிச்ச மேட்டுல மூத்திரம் அடிச்சி வெச்சிடுங்க.”

“மூணு வயசுப் புள்ளைங்க வேற இன்னா பண்ணும்? கணக்கு எழுதுமா?”

அடுப்படியிலிருந்து இப்போதிருக்கிற ஆயா முனியம்மா குரல் கொடுத்தாள். “எழுதுனாலும் சாவி வராதும்மா. அது விஐபி ரூமு. நாம செத்தாதான் உள்ள வெச்சி மால போடுவாங்க.”

பிரவீன் சிரித்துவிட்டான். கெட்டவன் இல்லை அவன், சொன்னதைச் செய்கிறவன். “என்னைய ஏன் ஆன்ட்டி கேக்கறீங்க? உங்க புள்ளையக் கேளுங்க. சார் போட்ட மெசேஜ்தான் இது” என்று போனை நீட்டினான். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். உன் முகம் ஒரு சின்ன வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: பசங்களை வராண்டாவுலயே வெச்சுக்கோ. விசிட் அப்ப மட்டும் உள்ள விடு. விருதுக் கமிட்டி பாத்துட்டுப் போற வரைக்கும் ஒரு கீறல் விழக் கூடாது.

அதுவரை நான் உன் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன், அந்து. உனக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தால் திறந்துவிடுவாய் என்று செல்வியிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்று ரெஜினா இவாவுக்குத் துடைத்த மாதிரி, விரல் விரலாக.

இப்போது மத்தியானங்களில் தர்ஷினி என் வீட்டில். செல்வி வேலையில் மூன்று மணிவரை நிற்கிறாள், மதாமும் சமாதானம் ஆகிவிட்டார். தெரிந்துகொண்டு இன்னும் மூன்று பேர் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார்கள், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஹாலில், உன் பட்டமளிப்புப் போட்டோவுக்குக் கீழே, பாய் விரித்துப் போடுகிறேன். தர்ஷினி மூன்று தடவை பாயை நனைத்தாள், வெயிலில் போட்டேன், காய்ந்துவிட்டது. மற்ற மூன்றும் என் பழைய ஜெபமாலை டப்பாவுக்காக அடித்துக்கொள்கின்றன. தர்ஷினி மட்டும் ஓரமாக நின்று பார்க்கிறாள். எதையும் தொடுவதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தக் குழாயடிக்குப் பிறகு வந்த பழக்கம் இது, அதற்கு முன் இல்லை என்கிறாள் செல்வி. எனக்கு நீ மிஷின் காலடியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வருகிறது.

இதை நான் எத்தனை நாள் செய்ய முடியும்? நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்ததும் எனக்குக் கண் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருப்பது உனக்கே தெரியும். அதன் பிறகு குனியக் கூடாது, பிள்ளை தூக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. மழையும் அப்போதுதான் பிடிக்கும். வராண்டாவில் சாரல் அடித்தால் காலையிலேயே பால்வாடியை மூடிவிடுவார்கள். அத்தோடு செல்வியின் வேலை போகும். இதற்கு நீ பணம் அனுப்புகிறேன் என்று சொல்லாதே, சொல்வாய் என்று தெரியும். பணத்தால் ஆகிற காரியம் இல்லை. சாவியை டீச்சர் கையில் கொடுக்கச் சொல். வாங்கிய கையெழுத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல். பொம்மைகளை உறை பிரித்துத் தரையில் வைக்கச் சொல். உடைந்தால் உடையட்டும். கீறல் விழுந்த அறைக்கு விருது கிடையாது என்றால் அந்த விருதை நீ வீட்டுக்குக் கொண்டுவராதே, என் சுவரில் அதற்கு ஆணி இல்லை. அறை திறந்த பிறகு பிரவீனை வீடியோ எடுக்க அனுப்பு, ரெண்டு நிமிஷம் என்ன, ஒரு மணி நேரம் பேசுகிறேன்.

உன்னைத் திட்டி எழுதியிருக்கிறேன், வருத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஜெபமாலையில் உனக்காக ஒரு பத்து மணி சொல்கிறேன், இந்த வாரமும் நிறுத்தவில்லை, ஆனால் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். இவாவுக்கு என் முத்தம் கொடு. அவள் அன்று தர்ஷினியின் கையைப் பிடித்தது சரி என்று அவளிடம் சொல்லு, நீ சொல்லு, ரெஜினா கேட்கும்படி சொல்லு.

போன் பண்ணாதே. போனில் நீ நன்றாகப் பேசிவிடுவாய், நான் இளகிவிடுவேன். சாவி கொடுக்கச் சொல்லிவிட்டாயா இல்லையா, ஒரு வரி எழுது. கல்லறைத் திருநாளுக்கு முன் என் கையில் கிடைக்கிற மாதிரி, சீக்கிரம் பதில் போடு.

அம்மா